பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பல்தான் தேயும்: டென்ஷனைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

எனக்கு டென்ஷன் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. அதாவது, வெளிநாட்டு பையருக்கும், இங்கே டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஆளுக்கொரு மூலையில் நடக்கிற வேலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. கடைவாய்ப் பல் கூசுகிறது, காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்று போனேன். சொத்தை எதுவும் இல்லை. பல்லின் மேல்பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டதைக் கண்ணாடியில் காட்டிவிட்டு, "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டார். தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? கூட வந்த மனைவிதான், "ஏனுங்க, ராத்திரி நறநறன்னு சத்தம் கேக்குமே, நான் எலி கொறிக்குதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். டாக்டரின் அடுத்த கேள்வி: "எக்ஸ்போர்ட்டா? ஷிப்மெண்ட் எப்போ?"

அந்த வருஷம் முழுக்க நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: இந்த சீசன் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். உடம்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் மருத்துவன் இல்லை. அதற்குப் பிறகு படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், நானே செய்து பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லை, கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் டென்ஷனை மனசு ஒப்புக்கொள்வதற்குப் பல மாதம் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடுகிறது, நாம்தான் அதை வாயு, பித்தம், சூடு என்று பெயர் வைத்து அனுப்பிவிடுகிறோம்.

முதலில் வார்த்தையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லைச் செய்தித்தாளில் ஒரு நாள் வேலைச் சுமைக்குப் போடுகிறார்கள், மறுநாள் அதையே ஒரு நோயின் பெயராகவும் போடுகிறார்கள். படிக்கிறவர் எதை நினைத்துக்கொள்வார்? அதனால் இந்தக் கட்டுரையில் சுமையால் வருவதை டென்ஷன் என்றே எழுதுகிறேன். சுமை இறங்கினால் டென்ஷனும் பெரும்பாலும் இறங்கும். மனச்சோர்வு வேறு: சுமை இறங்கிய பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல், பிடித்த சாப்பாடு, பிடித்த ஆள் எதுவுமே பிடிக்காமல் கிடப்பது. அது வைத்தியம் வேண்டிய நோய். பதற்றம் என்பது, இப்போதைக்கு எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும் உடம்பு இருப்பதுபோலவே நடந்துகொள்வது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும் என்பது உண்மைதான், ஆனாலும் எது என்று தெரியாமல் எங்கே போய் என்ன கேட்பது?

இன்னொரு சொல் "பிரஷர்". ஆபீஸில் பிரஷர் என்றாலும் அதுதான், ரத்த அழுத்தம் என்றாலும் அதுதான். இதனாலேயே பலர், "இன்னிக்கு டென்ஷன் இல்லை, அதனால பிரஷர் இருக்காது" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மனசு அமைதியாக இருக்கும்போதும் 160 இருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

வயிற்றில் புளியைக் கரைக்கிறது, அடிவயிறு கலங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொண்டது. நம் பாட்டிகள் சொன்ன இந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் நடப்பதை அப்படியே சொல்கின்றன. தெருவில் நாய் துரத்துகிறது என்று வையுங்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, ஓடுவதற்காக ரத்தம் கை கால் தசைக்குத் திருப்பி விடப்படுகிறது, ஜீரணம் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது (புளி கரைவது இங்கேதான்), வாய் உலர்கிறது. சில நிமிஷம் கழித்து கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து இதை நீட்டிக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்பவர் நூறு வருஷத்துக்கு முன்பே, 1915-ல், இதை "சண்டை போடு அல்லது ஓடு" என்று விளக்கிவிட்டார்.

நாய் துரத்துகிறபோது இது சரியான ஏற்பாடு. ஓடி முடித்தால் சர்க்கரை செலவாகிவிடும், மூச்சு வாங்கும், அடங்கும். ராத்திரி ஒன்பதரைக்கு, "ஷேடு அப்ரூவ் ஆகவில்லை" என்று ஒரு மெயில் வந்தால் எங்கே ஓடுவது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பு ஓடத் தயாராகிறது, ஓடுவதில்லை, அடங்குவதற்குள் அடுத்த மெயில்.

1936-ல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செலியே எலிகளை வைத்து ஒன்றைக் கவனித்தார். குளிரில் வைத்தாலும் சரி, காயப்படுத்தினாலும் சரி, அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் சரி, விதவிதமான மருந்தைப் போட்டாலும் சரி, எலிக்குள் நடந்தது ஒன்றேதான்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஜட்டி இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் திரும்பிவிடும், இழுத்து ஆணியில் மாட்டி மூன்று மாதம் விட்டால் தொளதொளவென்று ஆகிவிடும். எவ்வளவு இழுத்தோம் என்பதோடு எவ்வளவு நாள் விடாமல் இழுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 1995-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற 13 பெண்களுக்கும், அப்படிப் பொறுப்பு இல்லாத அதே வயதுள்ள 13 பெண்களுக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகம் ஆனது. மாமியாரோ அப்பாவோ படுத்த படுக்கையாக இருக்கிற வீட்டில் ராப்பகலாகப் பார்க்கிற பெண்ணை, "வீட்லதானே இருக்கே, உனக்கென்ன டென்ஷன்" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வயிற்றுப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. "டென்ஷன்ல அல்சர் வந்துடுச்சு" என்பது நம் ஊரில் தினமும் கேட்பது. ஆனால் அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது அடிக்கடி போடும் வலி மாத்திரை. கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷல், யாரும் நம்பாததால் அதை வளர்த்துத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. டென்ஷன் எரிச்சலைக் கூட்டும், சரி. ஆனால் மாதக்கணக்கில் வயிறு எரிகிறது என்றால் ஜெலூசில் குடித்துக்கொண்டே ஓட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டு போதும், ஆப் எதுவும் வேண்டாம், போனைத் திறந்தால் அங்கேயே டென்ஷன் காத்திருக்கும். நாளைக்கு மூன்று நாலு முறை எழுதினால் போதும்: மணி என்ன, உடம்பில் எங்கே என்ன செய்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நான் என்ன செய்தேன். "மனசு சரியில்லை" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்லாது. "மதியம் 2.40, வலது தோள் இறுகியிருக்கிறது, டையிங்கிலிருந்து போன் வரவில்லை, இரண்டாவது டீ குடித்தேன்" என்று எழுதுங்கள். தாடை, தோள், கழுத்து, வயிறு, மூச்சு, உள்ளங்கை என்ற வரிசையில் ஒரு முறை தடவிப் பார்ப்பது போலக் கவனித்தால் இடம் தெரிந்துவிடும். இதைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா? சாப்பிடாத, பேசாத நேரத்தில் அவை ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

என் நோட்டில் எனக்கு வெளிப்பட்டது, நான் நினைத்ததே இல்லை. ஷிப்மெண்ட் நாள், லாரி கிளம்புகிற நாள்தான் கொடுமை என்று நினைத்திருந்தேன். அந்த நாட்களில் என் வயிறு ஒழுங்காக இருந்தது, ராத்திரி இரண்டு மணி வரை நின்றுவிட்டு வந்து கட்டையாகத் தூங்கினேன். மோசமான நாட்கள் எல்லாம் காத்திருந்த நாட்கள். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்புகிற சின்னத் துணி) அனுப்பியாகிவிட்டது, நிறம் சரியா தப்பா என்று பதில் இல்லை, துணியைச் சாயத்தில் போடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது, தாமதமானால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், அந்தச் செலவு யார் தலையில்? வேலை அதிகம் இருப்பதை உடம்பு தாங்குகிறது, என்ன ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்கவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம். ஒரு நண்பருக்கு ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி, இன்னொருவருக்கு சம்பந்தி வீட்டு போன்.

நல்ல விஷயங்களையும் எழுதுங்கள். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் சாவுக்கு 100, வேலை போனால் 47, கல்யாணத்துக்கு 50! வேலை போவதைவிடக் கல்யாணத்துக்கு மூன்று மார்க் கூட. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று சொன்ன ஊருக்கு இது செய்தியே இல்லை.

உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள்

நோட்டு ஒரு பக்கம் ஓடட்டும். எல்லாவற்றையும் டென்ஷன் மேல் போடுவதும் ஆபத்து. படபடப்பும் தூக்கமின்மையும் தைராய்டு கூடினாலும் வரும், சோர்வும் மூச்சு வாங்குவதும் ரத்தச் சோகையிலும் வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்து எதையும் நிம்மதியாக யோசிக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள், 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

பிரஷர் பார்க்கும்போது: அரை மணி நேரம் முன்னால் டீ, காபி, சிகரெட் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசாதீர்கள். இரண்டு முறை பாருங்கள். ஆஸ்பத்திரியில் வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை, "அன்னிக்கு டென்ஷன்ல இருந்தேன்" என்று தள்ளாதீர்கள்.

நெஞ்சு நடுவில் அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ இழுப்பது, வியர்த்துக் கொட்டுவது இருந்தால் டென்ஷனா கேஸா என்று விவாதம் வேண்டாம், சோடா வாங்கப் போக வேண்டாம், 108-ஐ அழையுங்கள். கடும் அதிர்ச்சியில், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மாரடைப்பு போலவே இதயம் தற்காலிகமாகப் பலவீனமாகிற ஒரு நிலை உண்டு. ஜப்பானியர்கள் அதற்கு ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயரை வைத்திருக்கிறார்கள், இதயம் அந்த வடிவத்தில் உப்பிவிடுவதால். அதையும் மாரடைப்பையும் ஆஸ்பத்திரியில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அன்றாடத்தில் மாற்ற வேண்டியவை

டீயிலிருந்து தொடங்கலாம். டீயிலும் காபியிலும் இருக்கிற காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீயில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கிறது. நான் நாளைக்கு ஏழு டீ குடித்துக்கொண்டிருந்தேன், டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் ஆற்றத் தொடங்கிவிடுவார். இரண்டு மணிக்குமேல் இல்லை என்று நிறுத்தினேன். முதல் மூன்று நாள் தலைவலி வந்தது, பிறகு போய்விட்டது. தூக்கத்துக்காக ராத்திரி ஒரு கட்டிங் போடுகிறவர்கள் (துணி கட்டிங் இல்லை) கவனிக்க: அது சீக்கிரம் தூங்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பியும் விடும்.

மூச்சு. இதை நான் நம்பவில்லை, யாரோ யோகா வகுப்புக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். காரணம் தெரிந்த பிறகு செய்தேன்: மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது மெதுவாகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்து நீங்களே பார்க்கலாம். ஆகவே, நாலு எண்ணி இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிஷம். மெயில் வந்ததும் பதில் அடிப்பதற்கு முன் பத்து மூச்சு விட்டாலே, எழுதுகிற வாக்கியம் மாறும், அது நிச்சயம்.

நடை. உடம்பு ஓடத் தயாரான பிறகு ஓடவில்லை என்பதுதானே பிரச்சினை? வாரம் 150 நிமிஷம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டு வாங்கிய உடனே கம்பெனியைச் சுற்றி இரண்டு ரவுண்டு நடப்பதும் அதில் சேர்த்திதான்.

அடுத்து, சுமையையே குறைப்பது. இதைச் சொல்லாமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கூலி குறைவு, ஆள் குறைவு, பன்னிரண்டு மணி நேர வேலை என்பதற்கெல்லாம் மூச்சு விட்டுப் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும் மாற்ற முடியாது, ஆனால் நோட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பையர் இருக்கிற ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்கள் ஆறு மணிக்குக் கடையை மூடும்போது நமக்கு ஒன்பதரை, பத்தரை. நான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிற பதிலை அவர்கள் மறுநாள் நம் மதியம்தான் திறக்கிறார்கள்! முதலாளியிடம் போய், "ஒம்பது மணிக்கு மேல வர்ற மெயிலுக்குக் காலைல எட்டு மணிக்குப் பதில் போட்டுடறேனுங்க, அவங்க ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே போயிருமுங்க" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "செரி" என்றார். இரண்டு வருஷம் நான் கேட்காததால் கிடைக்காமல் இருந்தது. "எனக்கு டென்ஷனா இருக்கு" என்று போயிருந்தால், "யாருக்குத்தான் இல்லை" என்று பதில் வந்திருக்கும். நேரம், வேலை, மாற்று என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டில் சொல்லும்போதும் அப்படித்தான். "என்னைக் கொஞ்சம் தனியா விடு" என்றால் சண்டை. "வந்ததும் இருபது நிமிஷம் எதுவும் கேக்காதே, அப்புறம் நானே வந்து சொல்றேன்" என்றால் நடக்கிறது. சொன்னபடி போய்ச் சொல்லவும் வேண்டும். இன்னொருவர் தன் டென்ஷனைச் சொல்ல, அதைக் கேட்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், "எல்லாருக்கும்தான்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

எப்போது ஆள் தேட வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், வேலைக்குப் போகவே முடியாமல் ஆனால், சின்னதுக்கெல்லாம் குழந்தையை அடிக்கிற அளவுக்குக் கோபம் வந்தால், குடி கூடினால், "நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்" என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும், தனியாகச் சமாளிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. 14416 என்பது டெலி மானஸ், ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் 1986-லிருந்து இயங்குகிற சிநேகா அமைப்பின் எண் 044-24640050. உயிரை விடுகிற நினைப்பு இப்போதே வலுவாக இருந்தால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனநல டாக்டர் என்றதும் கீழ்ப்பாக்கம் என்று நக்கலடிப்பது நம் சினிமா கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மற்ற புறநோயாளிகளைப் போல ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

முதல் தடவை போகும்போது அந்த நோட்டையும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டமான இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். உட்கார்ந்ததும் டாக்டர், "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்பார், வாய் பழக்கத்தில், "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்று சொல்லிவிடும். அது சொல்வதற்குள் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.